அக்கா நின்ற இடம்

மே 14, செவ்வாய்

மழை. பயிற்சி உள்ளரங்கில்தான். போகவும் வரவும் கிரான்யா அக்காதான் கார் ஓட்டினாள். ஆறு வருடமாக அயர்லாந்தின் விக்கெட் கீப்பர். நானும் கீப்பர்தான், ஆனால் இன்னும் நாட்டுக்கு ஆடியதில்லை. காரை ஒழுங்காக நிறுத்த மட்டும் இன்னும் தெரியாது. எனக்குப் பள்ளியிறுதித் தேர்வு நெருங்குகிறது. கணக்குப் புத்தகம் மடியில் திறந்தே இருந்தது. ஒரு வரி ஏறவில்லை.

மே 24, வெள்ளி

பயிற்சியாளர் ஹில்டா போனில் அழைத்தார். ஸ்காட்லாந்துடன் ஆடும் அணியில் நான்! அப்பா உருளைக்கிழங்கு வயலிலிருந்து சேற்று பூட்ஸோடு சமையலறைக்குள் ஓடி வந்தார். அம்மா திட்டவே இல்லை.

பிறகுதான் எனக்கு உறைத்தது. "அக்காவும் நானுமா?" என்று ஹில்டாவிடம் கேட்டேன்.

"இல்லம்மா டெர்வ்லா. இந்தத் தடவை ஒரு கீப்பர்தான்."

அக்கா மேசையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காலையிலேயே சொல்லிவிட்டார்களாம்.

"என்னடி மரம் மாதிரி நிக்கிற? நல்ல சேதிதானே. டீயப் போடு."

போட்டேன். வேறென்ன செய்வது?

மே 25

"வேண்டாம்னு சொல்லிடவா?" என்று அக்காவிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"சொல்லித்தான் பாரேன். வேற எவளையாவது எடுப்பாங்க, என்னைய இல்ல. எனக்குப் பிச்சை போடுற வேலையெல்லாம் வச்சுக்காத."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் 26, புதன்

முதல் ஆட்டம். மாலஹைட் மைதானம். புதிதாக ஆட வருபவளுக்கு மூத்த வீராங்கனை ஒருத்தி தொப்பி கொடுப்பது வழக்கம். ஹில்டா யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? அன்பாகத்தான் செய்தார், பாவம். அக்கா புல்வெளியைக் கடந்து வந்தாள். எல்லோரும் வட்டமாக நின்றோம்.

"தலை ரொம்பப் பெருசுடி உனக்கு," என்று தொப்பியை அழுத்திவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் தொப்பி விளிம்பை இன்னொரு முறை நேராக்கிவிட்டு வேலியோரம் போனாள்.

அவர்களுடைய தொடக்க ஆட்டக்காரி கொடுத்த கேட்சை நழுவவிட்டேன். லட்டு மாதிரி வந்த பந்து. அதற்குப் பிறகு அவள் எங்களைப் பிழிந்து எடுத்துவிட்டாள். வேலியோரம் ஒருவர் கத்தினார்: "மூத்தவளைக் கூட்டிட்டு வாங்கப்பா!" அக்கா அவருக்குப் பக்கத்தில்தான் நின்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் எடுத்தது பூஜ்யம்.

ஜூன் 28

இன்றும் பூஜ்யம்.

ஜூலை 1, திங்கள்

நேற்று ஸ்டம்பிங் ஒன்று போச்சு. பந்து கைக்கு வருமுன்னே கண் எங்கோ ஓடுகிறது. ஏன்? யாரைத் தேடுகிறேன்?

இன்று வெட்கத்தை விட்டு அக்காவிடம் போனேன். "என்னோட கொஞ்சம் பயிற்சிக்கு வாயேன்."

"முடியலடி. சத்தியமா முடியல. நீ பந்த விடுறப்ப எனக்கு அழுகையா வருது. கூடவே, கொஞ்சம் சந்தோஷமாவும் இருக்கு. ரெண்டும் ஒண்ணா வந்தா நான் என்ன பண்ணுவேன்?"

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 2

அக்காவுக்குப் பெர்த்தில் வேலை. பிசியோதெரபி. அம்மா ஒரே பாத்திரத்தைத் திரும்பத் திரும்பத் துடைக்கிறாள். இந்தத் தெருவில் ஆஸ்திரேலியாவுக்கு ஆள் போகாத வீடு ஏது?

"என்னாலதானே போற?"

"ஆமா, உலகமே உன்னச் சுத்தித்தானே சுத்துது!"

பதில் இல்லை அது.

ஆகஸ்ட் 17, சனி

பயிற்சியில் வலது மோதிர விரல் உடைந்துவிட்டது. நெதர்லாந்து தொடருக்கு நான் கிடையாது. மருத்துவமனை வாசலில் நிற்கும்போதே ஹில்டா என் அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டார்: திரும்பி வருவாயா?

அவளுக்கு வியாழக்கிழமை விமானம். கார் நிறுத்துமிடத்தில் அழுதேன். "அக்கா, இந்த ஒரு தொடர் ஆடிட்டுப் போயேன். உன் இடம்தானே அது!"

என் சீட் பெல்ட்டை மாட்டிவிட்டுச் சொன்னாள், மெதுவாக: "ஆடிட்டேன்னா அப்புறம் போகமாட்டேன்டி."

ஆகஸ்ட் 22

போய்விட்டாள். அவள் கட்டிலில் அம்மா துவைத்த துணிகளை அடுக்கி வைத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

நெதர்லாந்துடன் முதல் ஆட்டம். பார்க்காமல் வீட்டில் இருக்க முடியவில்லை, போனேன். எங்கள் கீப்பர் டாரா என்றொரு பெண். பதினாறு வயது, பல்லில் கம்பி. இரண்டாவது ஓவரிலேயே கால் பக்கம் விலகிப் போன பந்துக்குப் பாய்ந்தாள். அவள் காற்றில் இருந்த அந்த ஒரு நொடி — விடு, விட்டுடு — என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன்.

பிடித்துவிட்டாள். சுத்தமாக.

பக்கத்தில் ஒரு அம்மாள் குதியாய்க் குதித்து அழுதார். டாராவின் தாயாக இருக்க வேண்டும். முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"நீ யாரைப் பாக்க வந்திருக்கம்மா?"

"கீப்பரை," என்றேன்.

ஒரு கையில் கட்டு, கைதட்ட முடியாது. மற்றதால் தொடையில் தட்டினேன், அந்த அம்மாள் கைதட்டி ஓயும்வரை.