கவிதாவின் பெரிய விசிறிகள்

சனிக்கிழமை, இரவு.

மகள் கவிதா கல்லூரித் தேர்வுக்காகச் செய்த குட்டி விமானத்தை இன்று கெலாங் பாத்தா திடலில் விட்டோம். இறக்கை நுனிகளில் உள்ள இரண்டு விசிறிகளும் நிமிர்ந்திருந்தால் நேராக எழும்பும். முன்னே சாய்ந்தால் விமானமாகப் பறக்கும். சின்ன விசிறியில் எழும்பவே திணறியதால், "பெருசா போடும்மா" என்று சொன்ன மேதை நான்தான். வீட்டில் சீலிங் ஃபேன் மாட்டிய அனுபவம்!

அழகாக எழும்பி, சாய்ந்து, பறந்தது. அப்புறம் விசிறிகள் நிமிர மறுத்தன.

"அப்பா, இப்படியே இறக்குனா விசிறி தரையில இடிக்கும்பா. சின்னதுன்னா தப்பிச்சிருக்கும்."

"அலமாக்! புல்லுப் பக்கமா இறக்கு லா, கவி" என்று பதறினேன்.

இரண்டும் உடைந்தன.

திங்கட்கிழமை தேர்வாளர் முன் பறந்தாக வேண்டும். கவிதா என்னைத் திட்டவேயில்லை. திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன். அவள் அறையில் இன்னும் விளக்கு எரிகிறது. பெரியதை மாட்டுகிறாளா, சின்னதையா என்று போய்க் கேட்கத்தான் துணிச்சல் வரவில்லை.