திங்கட்கிழமை வந்த மெசேஜ்

ஜூலை 14, ஞாயிறு

வெயில். மழை வருவதுபோல் போக்குக் காட்டி, வரவில்லை. துணி துவைத்தது: ஐந்தே உருப்படி.

நாளைக்கு:
– பியூரெட் கழுவ வேண்டும், மூன்று போதும்
– கறிபாப் ஆறு, பிள்ளைகளுக்குத் தின்ன
– டயருக்குக் காற்று
– அக்காவுக்கு போன்

செராஸிலிருந்து அக்காவே கூப்பிட்டுவிட்டாள். "தனியா கிள்ளான்ல உட்கார்ந்து என்னடி பண்ற? இங்க வந்துடேன்."

"கிளாஸ் இருக்கு லா" என்றேன். மூன்றே பிள்ளைகள் உள்ள வகுப்பு என்று சொல்லவில்லை.

ஆறாம் படிவம், பள்ளியின் கடைசி வகுப்பு, கெமிஸ்ட்ரி. எட்டுப் பேரோடு தொடங்கியது. மெட்ரிகுலேஷன் கல்லூரியில் இடம் கிடைக்கக் கிடைக்க ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். அங்கே ஒரே வருடம், பிறகு நேராகப் பல்கலைக்கழகம். இங்கே ஒன்றரை வருடம் முட்டி மோத வேண்டும். யார் இருப்பார்கள்? இடம் கிடைக்காதவர்களுக்கு அப்பீல் பாரம் நிரப்பிக் கொடுத்து அனுப்பிவைப்பவளும் நானே. போன ஐந்து பேரும் 'தேங்க்யூ டீச்சர்' ஸ்டிக்கர் அனுப்பினார்கள். ஐவரும் ஒரே ஸ்டிக்கர்.

மிச்சம் யாழினி, ஹுய் மின், ஃபாத்தின்.

ஜூலை 15, திங்கள்

காலையிலிருந்தே மழை. மேரு சாலையில் லோரிகளுக்குப் பின்னால் நாற்பது நிமிடம்.

முதல்வர் கூப்பிட்டார். மலாயில், ரொம்ப மென்மையாக. மூன்று பேருக்குக் கீழே குறைந்தால் கெமிஸ்ட்ரி வகுப்பை மூடிவிடலாம், மீதிப் பிள்ளைகளை ஷா ஆலாம் பள்ளிக்கு மாற்றலாம், எனக்கு இரண்டாம் படிவம் சயின்ஸ். "டீச்சருக்கும் ஓய்வு கிடைத்தமாதிரி இருக்கும்." ஓய்வு எனக்கு வீட்டில் நிறையவே இருக்கிறது ஐயா.

10.16க்கு போனில் மெசேஜ். யாழினிக்கு. மெட்ரிகுலேஷன் அப்பீல் வெற்றி. வெள்ளி மாலை 5 மணிக்குள் இணையத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும், தவறினால் இடம் வேறு ஒருவருக்கு.

அவளுக்கு வந்த மெசேஜ் என் போனுக்கு ஏன்? மூன்று வாரத்துக்கு முன் லேபில் உட்கார்ந்து அவளுடைய பாரத்தை நான்தான் நிரப்பினேன். "எங்க வீட்டு நம்பர் அடிக்கடி செத்துடும் டீச்சர், அப்பா டாப் அப் பண்ண மறந்துடுவாரு" என்றாள். "என் நம்பரையே போடு, பத்திரமா இருக்கும்" என்றேன்.

மூன்று மணி எக்ஸ்ட்ரா கிளாஸில் சொல்லலாம் என்று இருந்தேன். அவள் நனைந்த பையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து, "டீச்சர், இன்னைக்கு சார்டின் கறிபாப்பா?" என்றாள்.

சொல்லவில்லை. நாளைக்கு.

ஜூலை 16, செவ்வாய்

மேகமூட்டம்.

டைட்ரேஷன். இரண்டு மாதமாக யாழினிக்கு நிறம் மீறிப் போய்க்கொண்டே இருந்தது, ஒவ்வொரு தடவையும் ரோஜாப்பூ சிவப்பு. இன்றைக்கு ஒரே சொட்டில் நிறுத்தினாள். வெளிறின இளஞ்சிவப்பு, இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்கு. ஃபாத்தின் கைதட்டினாள். ஹுய் மின் போட்டோ எடுத்தாள். யாழினி குடுவையைத் தூக்கிப் பிடித்து, "டீச்சர், இத கழுவவே மாட்டேன்" என்றாள்.

அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? இப்படித்தான் என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

இன்னொரு சமாதானம்: இவள் போனால் மற்ற இருவரும் ஷா ஆலாமுக்கு அலைய வேண்டும். ஃபாத்தினுக்கு வண்டி இல்லை. அவர்களையும் யோசிக்க வேண்டாமா?

பொய். நான் அவர்களை யோசிக்கவில்லை. மூன்று மணியிலிருந்து நாலரை வரைக்கும் என்னிடம் யாராவது பேசுகிறார்கள், அதைத்தான் யோசித்தேன். எழுதியே வைக்கிறேன், யார் படிக்கப்போகிறார்கள்.

மா. 6: நாசி லெமாக் கடை, தேங்காய்ப்பால் சோறு ஒரு பொட்டலம். "ஒண்ணுதானா டீச்சர்?" கடைக்காரர் தினமும் கேட்கிறார். தினமும் ஒன்றுதான்.

ஜூலை 17, புதன்

வெயில் கொளுத்தல். லேப் மின்விசிறி இரண்டில் ஒன்று ரிப்பேர்.

வகுப்பு முடிந்து மற்ற இருவரும் போன பிறகு யாழினி நின்றாள்.

"டீச்சர், அப்பீல் மெசேஜ் ஏதும் வந்துச்சா?"

"இன்னும் வரல லா."

"வெப்சைட் பார்த்தேன், சுத்திக்கிட்டே இருக்கு. வந்தா டீச்சர் சொல்லிடுவாங்கன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"சொல்லாம இருப்பேனா?"

பை மாட்டிக்கொண்டு ஓடினாள், பந்திங் பஸ்ஸுக்கு.

இருபத்தெட்டு வருடம் வாத்தியார் வேலை. பிள்ளைகளின் பொய்யை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன். என் பொய்யைப் பிடிக்க அங்கே யாரும் இல்லை. வீட்டுக்கு வந்து அரிசி களைந்து வைத்துவிட்டு அடுப்புப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 18, வியாழன்

வகுப்பு இல்லை. மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கூட்டம், நாள் பூராவும். நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததே அசிங்கம்.

நாளைக் காலை, வகுப்புக்கு முன்னாலேயே சொல்லிவிடுவது. உறுதி.

ஜூலை 19, வெள்ளி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

கா. 7.25: யாழினி வரவில்லை. ஹுய் மினைக் கேட்டேன். "இன்று மெசேஜே பார்க்கவில்லை டீச்சர், ஒரே ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது" என்றாள். வீட்டு நம்பரை அழைத்தேன். எண் உபயோகத்தில் இல்லை என்றது குரல். செத்துவிட்டது, அவள் சொன்ன மாதிரியே.

12.15க்குப் பள்ளி விட்டது. ஆபீஸில் மாணவர் பதிவேட்டில் முகவரி எடுத்தேன். லேப்டாப்பைக் காரில் போட்டேன். பந்திங் பாதை. வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம், மசூதிகளைச் சுற்றி இரண்டு பக்கமும் வண்டிகள். காருக்குள் வாய்விட்டு "பத்துமலை முருகா, பத்துமலை முருகா" என்றுதான் வந்தேன். அப்படி யாரையும் கூப்பிட்டதில்லை நான்.

எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள் ஒரே மாதிரி மூன்று பாதை. இரண்டு தடவை தவறினேன். மோட்டாரில் போன ஒருவரை நிறுத்தி, யாழினி பேரைச் சொல்லிக் கேட்டேன். "அந்தப் பொண்ணு வீடா? தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல அக்கா."

மா. 2.50: கதவைத் திறந்தவள் யாழினியே. கழுத்தில் துண்டு, காய்ச்சல் கண்கள். அம்மா கையுறைத் தொழிற்சாலையில், அப்பா லோரியோடு ஜோகூரில்.

"டீச்சர்? நீங்களா?"

"இடம் கிடைச்சிருக்கு மா. அஞ்சு மணிக்குள்ள ஏத்துக்கணும். போனக் கொடுக்கிறேன், அதுல இருக்கிற நம்பரப் படி."

போனைக் கையில் கொடுத்த பிறகுதான் உறைத்தது. மெசேஜுக்கு மேலே இருந்தது: திங்கள், 10.16.

அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை நான் பார்த்தேன். காய்ச்சல் முகம், ஒன்றும் தெரியவில்லை. நம்பரை வாசித்தாள், ஒவ்வொரு எண்ணாக, லேப் ரீடிங் சொல்வதுபோல.

வீட்டில் லைன் இல்லை. அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு ரோட்டோரக் கடைக்குப் போனேன், அங்கேதான் சிக்னல் இரண்டு கோடு வந்தது. லேப்டாப்பில் பக்கம் சுற்றியது. 3.40. சுற்றியது. 4.10. உள்ளே போய் வெளியே தள்ளியது. கடைக்கார ஆன்டி பெஞ்சில் ஒரு கிளாஸ் தேத்தாரே, நுரை பொங்கும் பால் டீ, கொண்டுவந்து வைத்தார், தொடவில்லை. 4.38க்கு 'ஏற்கப்பட்டது'.

யாழினி அழுதாள். நானும். எதற்காக அழுதோம் என்பது இரண்டு பேருக்கும் வேறு வேறு.

"மன்னிச்சிடு மா" என்றேன்.

அவள் துண்டால் முகம் துடைத்தாள். "வீட்டுக்குப் போகும்போது எந்தப் பாதைன்னு தெரியுமா டீச்சர்? நான் சொல்றேன்."

ஜூலை 21, ஞாயிறு

மந்தமான வெயில்.

யாழினியும் அவள் அம்மாவும் வந்தார்கள், பஸ் மாறி மாறி. கோழிக்கறி, தோசை, ஒரு சீப்பு வாழைப்பழம். என் வீட்டில் இரண்டே நாற்காலி. மூன்றாவதாக நான் துணிக்கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க மட்டும் அவ்ளோ தூரம் கார் ஓட்டிக்கிட்டு வரலன்னா இவ வாழ்க்கையே போயிருக்கும் டீச்சர். கூடப்பிறந்தவங்க செய்வாங்களா?"

யாழினி பால்கனிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மெசேஜ் திங்கட்கிழமையே வந்ததை அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நம்பர் உங்களோடதே இருக்கட்டும் டீச்சர்" என்றார் அம்மா. "எங்க நம்பர நம்ப முடியாது."

யாழினி அப்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தோசையைப் பிட்டேன். எட்டுத் தோசை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஜூலை 22, திங்கள்

மழை. எதிர்பார்த்ததுதான்: வகுப்பு மூடப்பட்டது. ஹுய் மினின் அப்பா ஃபாத்தினையும் தன் வண்டியில் ஷா ஆலாமுக்குக் கூட்டிப்போகிறாராம். ஒரு வாரமாக நான் சாக்காக வைத்திருந்த கவலையை அவர்கள் இரண்டே நிமிடத்தில் பேசி முடித்துவிட்டார்கள்.

மூன்று மணிக்கு லேபுக்குப் போனேன், பழக்கதோஷம். அலமாரியில் யாழினியின் குடுவை. நிஜமாகவே கழுவாமல் வைத்திருந்தாள். நிறம் போய்த் தண்ணீராகிக் கிடந்தது. கழுவிக் கவிழ்த்தேன்.

ஜூலை 23, செவ்வாய்

இரண்டாம் படிவம், முப்பத்தாறு பேர். ஒருவன் பெஞ்சுக்கு அடியில். இரைச்சல். இவ்வளவு பேருக்கு நடுவிலும் மூன்று மணி ஆனதும் காது தேடுகிறது.

9.05: மெசேஜ், விடுதி அறை விவரம். 9.05க்கே, கல்லூரிக்கென்று யாழினிக்கு வாங்கியிருக்கும் புது போனுக்கு அனுப்பினேன்.
1.30: மெசேஜ், கொண்டுவர வேண்டிய பொருள்கள். 1.30க்கே அனுப்பினேன். பாடத்தை நிறுத்திவிட்டு.
பதில்: 'ஓகே டீச்சர்.'

ஜூலை 25, வியாழன்

புகைமூட்டம், தொண்டை கரகரப்பு. வாங்க வேண்டியது: மருந்து மிட்டாய், ஒரு முட்டை ரொட்டி.

பதிவு நாள், பஸ் நேரம், மருத்துவப் பாரம், எல்லாம் வந்தன. எல்லாம் அனுப்பினேன். யாருடைய பிள்ளைக்கோ சாமான் கட்டுவது மாதிரி இருந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது, மறைப்பானேன்.

இரண்டாம் படிவ வகுப்பில் நிற்கும்போது இன்னொரு மெசேஜ். மாணவர்கள் தங்கள் சொந்தத் தொலைபேசி எண்ணை இன்று மாலைக்குள் பதிந்துகொள்ள வேண்டும், இனி எல்லாச் செய்தியும் அந்த எண்ணுக்கே போகும்.

11.42க்கு வந்தது. 11.42க்கே அனுப்பினேன்.