கடலைக் கொல்லைக்குக் கரண்டு வேலி

12 ஏப்ரல் 1973
ராத்திரி மறுபடியும் திருடன் வந்திருக்கிறான். மேற்கு மூலையில் செடியைப் பிடுங்கி, காயை மட்டும் உருவிக்கொண்டு, தழையை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அந்த ஒழுங்குதான் எனக்கு ஆத்திரம். நைனா அந்தத் தழையை வாரி மாட்டுக்குப் போட்டார். "நமக்கு வேல மிச்சம்டா" என்று சிரிப்பு வேறு. பி.யூ.சி.யைப் பாதியில் விட்டு வந்ததிலிருந்து நான் எதற்குக் கோபப்பட்டாலும் அவருக்குச் சிரிப்புதான்.

14 ஏப்ரல்
பம்புசெட் கொட்டகையிலிருந்து கம்பி இழுத்துவிட்டேன். கொல்லையைச் சுற்றிக் குச்சி, குச்சிக்குக் குச்சி பழைய சைக்கிள் டியூப் துண்டு, அதன்மேல் கம்பி. நைனா முனகிக்கொண்டே குச்சி நட்டார்.
"எவனாச்சும் செத்துட்டா?"
"திருடன்தான சாவான்?"
கவரைப்பேட்டை டீக்கடையில் ஒரு லாரி டிரைவர் சொன்னார் - நம்ம சொத்தில் கை வைத்தவனை நாம் தீர்த்துக்கட்டலாம், சட்டமே அப்படித்தான் இருக்கிறது என்று. எனக்குப் பிடித்த மாதிரி இருந்தது. நம்பிவிட்டேன்.

17 ஏப்ரல்
பொன்னேரி போயிருந்தேன். கூடப் படித்த வரதன் அங்கே ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. ஓட்டலில் வைத்து என் கம்பியைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். பயல் முகம் சுருங்கிவிட்டது.
"எவன்டா உனக்குச் சொன்னது? ராத்திரில ஊட்ட ஒடச்சு உள்ள வந்தா, கத்தியக் காட்டிப் புடுங்கினா, ஊட்டக் கொளுத்தினா, அப்ப வேற வழியில்லாம அடிச்சு அவன் செத்தாலும் சட்டம் உன்ன உட்டுடும். வெறுங்கையோட கடல புடுங்குறவன வெரட்டு, புடி, ரெண்டு போடு. கொல்றதுக்கு உனக்கு உரிம கெடையாது."
"இருட்டுல அவன் கையில இன்னா கீதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"
"உனக்காச்சும் கண்ணு கீது. உன் கம்பிக்கு?"
பீகாரில் ஒருத்தன் கக்கூசைச் சுற்றி இப்படித்தான் கரண்டு விட்டானாம். பக்கத்து வீட்டுப் பொம்பளை செத்துப்போனாளாம். சுப்ரீம் கோர்ட்டு வரை போயும் அவன் தப்பவில்லையாம்.
"போடா பயந்தாங்கொள்ளி" என்றேன். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே பயல் என் போண்டாவையும் தின்றுவிட்டிருந்தான்.

21 ஏப்ரல்
கம்பி போட்டதிலிருந்து ஒரு செடி போகவில்லை. ஜெயித்தது நான்.

25 ஏப்ரல்
எழுதியே ஆகணும்.
இன்றைக்குக் கிழக்குப் பாதி பிடுங்கினோம். ஆட்கள் வேலை முடிந்து கரையேறியதும் நான் ஸ்விட்சைப் போட்டேன், பட்டப்பகலில். மேற்குப் பாதி இன்னும் நிற்கிறதே என்று. இந்த ஊரில் பிடுங்கி முடித்த கொல்லையில் மண்ணுக்குள் தங்கிய காய், கிளறி எடுக்கிறவர்களுக்குச் சொந்தம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அது எப்படிடா மறந்து போச்சு உனக்கு?
கொட்டகையில் பல்பு அணைந்தது. பவர் கட். கரண்டு ஆபீஸைத் திட்டிக்கொண்டே வெளியே பார்க்கிறேன். எங்களுக்குக் களை எடுக்க வரும் குப்பம்மாள், கூடையும் களைக்கொட்டுமாக. என் கம்பியை ரெண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருக்கிறாள். அடியில் அவள் மகள் குனிந்து நுழைகிறாள்.
கரண்டு எப்ப வேணா வரும். பாய்ஞ்சு போய் ஃபியூஸைப் புடுங்கினேன்.
ஃபியூஸ் கையில இருக்கும்போதே பக்கத்துக் கொல்லையில மோட்டார் ஓட ஆரம்பிச்சிடுச்சு.
"இன்னா தம்பி, கொல்லையச் சுத்தித் துணி காயப்போடப் போறியா?" குப்பம்மாள் சிரித்துக்கொண்டே கேட்டாள். "மூஞ்சி ஏன் இப்பிடி வெளுத்துக்கீது? நாஷ்டா துன்னலியா?"
"துன்னேன்க்கா."
பொறுக்கி முடித்துக் கரையேறும்போது மடியிலிருந்து ஒரு பிடி காய் எடுத்து என் கையில் வைத்தாள். "பச்சையாவே துன்னு. ருசியா கீது."
தின்னேன். அவ எதிர்ல துப்ப முடியுமா?

26 ஏப்ரல்
விடிந்ததும் கம்பியை அவிழ்த்தேன். நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிக்கவில்லை. கம்பியின் மறுமுனையைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார். திட்டுவார், திட்டுவார் என்று பார்த்தேன். கடைசியில் நானே கேட்டுவிட்டேன்.
"திட்ட மாட்டியா நைனா?"
"நானுந்தானடா குச்சி நட்டேன்."

27 ஏப்ரல்
இனிமேல் கொல்லையிலேயே படுக்கை. கொசு பிடுங்கித் தின்கிறது. ஆனால் நல்ல காற்று. அம்மா சோறு கொண்டுவந்தாள், கருவாட்டுக் குழம்பு. "படிக்க அனுப்பினா ஓடியாந்துட்ட, காவ காக்க மட்டும் குந்திக்கினு கீற" என்றாள். வாய்தான் திட்டியது. கை இன்னொரு கரண்டி ஊற்றியது.

3 மே
நாளைக்கு மேற்குப் பாதியும் பிடுங்குகிறோம்.
இன்று விடிகிற நேரத்தில் அவன் வந்தான். செடி உருவுகிற சத்தத்தில் விழித்து, தடியோடு எழுந்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக் கத்தினேன். அவனும் கத்தினான், பயத்தில். வேட்டியை உருவிக் காயைக் கட்டியிருந்தான் போல. மூட்டையைத் தூக்கிக்கொண்டு கோவணத்தோடு ஓட்டம். வாய்க்காலில் விழுந்தான். எழுந்தான். மறுபடி ஓட்டம். யாரென்று முகம் தெரியவில்லை. துரத்தியிருந்தால் பிடித்திருப்பேன். வரப்பிலேயே நின்றுவிட்டேன். கொல்லைக்கு அப்பால் ஓடும் ரயில் தண்டவாளத்தை ஒரே தாவாகத் தாண்டினான்.
சத்தம் கேட்டு நைனா ஓடிவந்தார்.
"போச்சா?"
"ஒரு மூட்ட போச்சு நைனா. இன்னாமா ஓடுறான் பாரு!"