எட்டு வருஷம் பாக்கி

துவாரகா, புது தில்லி
ஜூலை 9

அன்புள்ள மாமாவுக்கு,

மதுமதி எழுதுகிறேன். நானும் சுபிக்ஷாவும் சௌகரியம். அங்கே மலை மேல் குளிர் எப்படி என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் எழுதுவீர்கள், அதனால் கேட்கவில்லை. பருப்புப் பொடி வந்து சேர்ந்ததா என்று மட்டும் எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது என் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டீர்கள். ஜலதோஷம் என்றேன். ஜலதோஷம் இல்லை. உங்களுக்குப் பின்னால் போனுக்கு ஆட்கள் வரிசையில் நிற்கும்போது, இரண்டு மூன்று நிமிஷத்தில் சொல்லக்கூடிய விஷயமில்லை இது. டென்ட்டில் போய் உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, மந்திர் மார்க்கிலிருந்து நேராக பாங்க்குக்குப் போனேன். அக்டோபரோடு வீட்டுக் கடன் முடிகிறதே, பத்திரத்தைத் திரும்ப வாங்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு வைக்கலாம் என்று நினைத்தேன். வழியில் ஒரு டப்பா லட்டு வாங்கிக்கொண்டேன். பதினைந்து வருஷம் மாதம் தவறாமல் கட்டியிருக்கிறோம், கடைசியில் அவர்களுக்கு ஒரு வாய் இனிப்புக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. லோன் பிரிவில் ஒரு சின்ன வயது ஆபீசர் இருந்தார். சிரித்துக்கொண்டே ஒரு லட்டை வாயில் போட்டுக்கொண்டு, நம் கணக்கு எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினார். திடீரென்று மெல்லுவதை நிறுத்திவிட்டார். அப்புறம், "அபி கஹாங் மேடம், ஆட் சால் பாக்கி ஹை" என்றார்.

இன்னும் எட்டு வருஷம் பாக்கியாம், மாமா.

வேறு யாருடைய கணக்கையோ பார்க்கிறார் என்று நினைத்துப் பெயரைப் படிக்கச் சொன்னேன். உங்கள் பெயரைக் கடித்துத் துப்பினார், ஆனால் உங்கள் பெயர்தான். வீட்டு நம்பரும் நம்முடையதுதான். லட்டு டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு வருவதா, அங்கேயே விட்டுவிடுவதா என்றுகூடத் தெரியவில்லை. எப்படி மெட்ரோ ஏறினேன் என்று இப்போது கேட்டாலும் சொல்ல முடியாது.

எனக்குப் புரிந்த வரை எழுதுகிறேன். நம்முடையது மாறும் வட்டி. நாட்டில் வட்டி ஏறியபோதெல்லாம் நமக்கும் ஏற்றியிருக்கிறார்கள். இறங்கியபோது, புதிதாகக் கடன் கேட்டு வருகிறவர்களுக்கு இறக்கிவிட்டு, நம்மை மேலேயே வைத்திருக்கிறார்கள். மாதத் தவணையைக் கூட்டியிருந்தால் நமக்குத் தெரிந்திருக்கும். அதைத் தொடவே இல்லை. வருஷங்களை நீட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். மாதா மாதம் அதே தொகைதானே போகிறது என்று நான் நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதியை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அன்று சாயங்காலம் பத்மநாபன் சாரிடம் சொன்னேன். மாடி வீட்டில் இருக்கிறாரே, ரிட்டயர் ஆன அண்டர் செக்ரட்டரி. நமக்குச் சாவி கொடுத்த வருஷம் பாங்க்காரர்கள் கேட்டுக்குப் பக்கத்தில் ஷாமியானா போட்டு உட்கார்ந்தார்கள் இல்லையா, அவரும் அங்கேதான் கையெழுத்துப் போட்டார். "நீ சரியாக் கேட்டியோ மதுமதி? ஹிந்தியில ஏதாவது தப்பாப் புரிஞ்சுண்டிருப்பே" என்றார். மறுநாள் அவரே பாங்க்குக்குப் போனார். திரும்பி வந்து நேராக மாடிக்குப் போய்விட்டார். அவர் மனைவி மங்களம் மாமிதான் பால்கனியிலிருந்து என்னைக் கூப்பிட்டு, "ஏதோ கேட்டா, என் மூஞ்சியையே பார்த்துண்டு உக்காந்திருக்கார்டி" என்றார். எழுபத்தோரு வயதுக்காரருக்கு எழுபத்தொன்பது வயது வரை தவணை போட்டு வைத்திருக்கிறார்கள்.

இப்போது பிளாக்கில் ஒவ்வொரு வீடாக விசாரிக்கிறோம். எல்லாரும் முதலில் சிரிக்கிறார்கள். தங்கள் கணக்கைப் பார்த்த பிறகு யாரும் சிரிப்பதில்லை.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடன் முடிகிற தைரியத்தில்தானே, மேற்கொண்டு இரண்டு வருஷம் மிலிட்டரி சர்வீஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தீர்கள்? அதில் கை வைக்காதீர்கள். நாங்கள் பாங்க்கில் புகார் கொடுக்கப் போகிறோம். சரியாகிவிடும். ஜனவரியில் நீங்கள் வருவது வருவதுதான்.

சுபிக்ஷா, "பப்பா கோ மத் பதாவோ அம்மா, வோ டென்ஷன் லேங்கே" என்றாள். உங்களிடம் சொன்னால் கவலைப்படுவீர்களாம். சொல்லாமல் இருக்க எனக்குத்தான் முடியவில்லை.

உங்கள்,
மதுமதி


துவாரகா
ஆகஸ்ட் 24

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. படித்துவிட்டு சமையலறையில் போய் நின்றுகொண்டேன். சுபிக்ஷா வந்து கேஸை அணைத்த பிறகுதான் குக்கர் எத்தனை விசில் விட்டது என்றே எனக்கு உறைத்தது.

"கமாண்டிங் ஆபீசரிடம் பேசிவிட்டேன், இரண்டு வருஷத்துக்கு விருப்பம் என்று புதிதாக எழுதிக் கொடுத்துவிட்டேன்" என்று ஏதோ ரேஷன் வாங்கின மாதிரி ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். பாங்க் நம்மைக் கேட்காமல் எட்டு வருஷத்தைச் சேர்த்தது. நீங்களும் என்னைக் கேட்காமல் இரண்டு வருஷத்தைச் சேர்த்திருக்கிறீர்கள். எதற்கு அதிகம் திகைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கோபம்தான், ஆனாலும் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

பாங்க் விஷயத்துக்கு வருகிறேன். நம் புகாருக்குப் பதில் வந்தது. வட்டி மாறிய ஒவ்வொரு தடவையும் எஸ்.எம்.எஸ். அனுப்பினார்களாம், நாம்தான் கவனிக்கவில்லையாம். நம் கணக்கில் இருப்பது நீங்கள் ஜம்முவில் இருந்தபோது வாங்கிய நம்பர். அந்த சிம் செத்து எத்தனையோ வருஷமாயிற்று. அதைப் படித்ததும் ஒரு நிமிஷம் நம் தப்புதானோ என்று எனக்கே பட்டது. நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள், உங்களைத் தெரியாதா. ஆனால் பத்மநாபன் சார் இத்தனை வருஷத்தில் நம்பரை மாற்றியதே இல்லை. அவருக்கும் ஒன்று கூட வரவில்லை. அவர் மகன் நரேன் குர்காவ்னில் ஐ.டி.யில் இருக்கிறான், கடனில் அவன் கையெழுத்தும் உண்டு. அவனுக்கும் வரவில்லை. அனுப்பியதற்கு ஆதாரம் காட்டுங்கள் என்று கேட்டோம். பாங்க்கிடமிருந்து பதிலே இல்லை.

மேனேஜரைப் பார்க்க எல்லாரும் சேர்ந்து போனோம். அவர் குரலை உயர்த்தவே இல்லை. டீ சொன்னார். "இது சட்டப்படி ஒப்பந்தத்தில் இருக்கிறது, எல்லா பாங்க்கும் இப்படித்தான்" என்று ஹிந்தியில் பொறுமையாகச் சொன்னார். வேண்டுமானால் ஒரு கட்டணம் கட்டிப் புது வட்டிக்கு மாறிக்கொள்ளலாமாம். எங்கள் பணத்தை எடுத்ததற்கு நாங்களே கட்டணம் கட்ட வேண்டுமா என்று கேட்டேன். கேட்டது நான்தானா என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கே நம்ப முடியவில்லை. வகுப்பில் கூட நான் அப்படிக் கத்துவதில்லை. அவர் மட்டும் சிரித்த முகமாகவே இருந்தார். தப்பு செய்துவிட்டோமே என்கிற சங்கடம் துளிகூட அந்த முகத்தில் இல்லை, மாமா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது பாங்க்குகளுக்கான குறைதீர்ப்பாளருக்கு எழுதியிருக்கிறோம். மனுவை நரேன் இங்கிலீஷில் தயார் செய்தான். காசு செலவில்லை, வக்கீலும் வேண்டாம். கொஞ்ச நாள் பிடிக்கும்.

பத்மநாபன் சார் முன்பு போல வாக்கிங் வருவதில்லை. மாமிக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லி நாலு வருஷமாகிறது. கடன் முடியட்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். ரிட்டயர் ஆன பணத்திலும் கொஞ்சம் கட்டியிருப்பதால் அவர்கள் கடன் நாலு வருஷத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்று நரேன் கணக்குப் போட்டுச் சொன்னதிலிருந்து, அவர் மாமியின் முகத்தைப் பார்த்துப் பேசுவதே இல்லையாம். "இவர் என்ன பாவம் பண்ணினார், பாங்க்காரா இவரைப் போய் இப்படித் தலையைக் குனிய வெச்சுட்டாளே" என்று மாமி என்னிடம் அழுதார்.

உங்கள் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டு எழுதுங்கள். முடியாது என்று உடனே எழுதாதீர்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள்.

சுபிக்ஷா அரையாண்டுக்குப் படிக்கிறாள். தமிழில் உங்களுக்கு நாலு வரி எழுதச் சொன்னேன். இரண்டு எழுதியிருக்கிறாள், இதோடு இருக்கிறது. எழுத்துப் பிழையைப் பார்த்து என்னைத் திட்டாதீர்கள்.

உங்கள்,
மதுமதி


துவாரகா
நவம்பர் 2

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தில் இரண்டு சேதி இருக்கிறது. நல்லதை முதலில் எழுதிவிடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை சமரசப் பேச்சுக்கு வரச் சொல்லி பாங்க்கிலிருந்து கூப்பிட்டார்கள். குறைதீர்ப்பாளர் அலுவலகத்திலிருந்து கேள்வி போனதும் அவர்களுக்கு நம் வீட்டு வழி தெரிந்துவிட்டது. கரோல் பாக்கில் ஒரு கட்டடம், மூன்றாவது மாடி, நல்லவேளையாக லிஃப்ட் இருந்தது. மங்களம் மாமி நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். நரேனும் காவல்காரரும் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கித்தான் நம் படிகளில் இறக்கினார்கள். நாலு வருஷத்துக்குப் பிறகு மாமி தெருவுக்கு இறங்கினார்.

பெரிய அதிகாரி ஒரு பெண்மணி. முதலிலிருந்து கணக்கை மறுபடி போட்டுவிட்டோம், அதிகம் எடுத்த வட்டியைத் திருப்பித் தருகிறோம் என்றார். எனக்குக் காது அடைத்துப்போய், இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். நம் கடனில் எட்டு வருஷம் என்று இருந்தது போய், இப்போது ஒரு வருஷத்துக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் பாக்கி. பத்மநாபன் சாருக்கு அவர்கள்தான் பாக்கி. செக் கொடுப்பார்கள்.

எல்லாரும் எழுந்து கைகூப்பி, தன்யவாத் தன்யவாத் என்றார்கள். மாமி மட்டும் கைகூப்பவில்லை. அந்த அம்மாளைப் பார்த்துத் தமிழிலேயே பேச ஆரம்பித்துவிட்டார். "பணத்துக்கு வட்டி போட்டுத் தரேள், சரி. நாலு வருஷமா நான் படி இறங்கல. என் தம்பி பிள்ளை கல்யாணத்துக்குப் போகல. கோவிலுக்குப் போகல. அதை எந்தக் கணக்குல போட்டுத் தருவேள்?" என்றார். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை விடாமல் ஹிந்தியில் சொன்னேன். அந்த அம்மாள் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். கடைசியில் எழுந்து வந்து மாமியின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, "மாஃப் கீஜியே, மாஜி" என்றார். பாங்க் அனுப்பிய எந்தக் காகிதத்திலும் மன்னிப்பு என்கிற வார்த்தை இல்லை, மாமா. அவராகச் சொன்னதுதான். பத்மநாபன் சார் அப்போதுதான் மாமியின் பக்கம் திரும்பினார். ஆபரேஷன் இந்த மாதக் கடைசியில்.

இனி அடுத்தது.

முந்தாநாள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து "அக்கா" என்று ஒரு குரல். உங்கள் யூனிட் குழந்தைசாமியின் சம்சாரம், பட்டு. கன்டோன்மென்ட் குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறாளாம். சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவள், "அண்ணனுக்குக் கால் வெரலெல்லாம் இப்பத் தேவலைங்களா அக்கா? பனியில கருத்துப் போயி, எடுக்கோணும்னு கூடச் சொன்னாங்களாமே, எங்க வீட்டுக்காரரு சொல்லிச் சொல்லி அளுதாருங்" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். பாவம், எனக்குத் தெரியும் என்று நினைத்துக் கேட்டிருக்கிறாள். தேவலை, நன்றாக நடக்கிறார் என்றேன். முருங்கைக்காய்க்குக் காசு கொடுத்துவிட்டு, காயை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

போன பிப்ரவரியில் ட்ரெய்னிங் என்று சொன்னீர்களே, ஒரு மாதம், அது ஆஸ்பத்திரி என்று இப்போது தெரிகிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்கப் போவதில்லை. எனக்குக் கவலை வரக் கூடாது என்று நினைத்திருப்பீர்கள். நானும் ஜலதோஷம் என்று சொன்னவள்தானே. ஆனால் அதற்குப் பிறகும் இன்னொரு தடவை அந்தப் பனிமலை உயரத்துக்குப் போக விருப்பம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அதுவும் இந்த நாலு சுவருக்காக. இரண்டு நாளாக இந்தச் சுவர்களைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

சர்வீஸை நீட்டிக்கிற ஆர்டர் இன்னும் வரவில்லை, வருகிற வரை விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கலாம் என்று நீங்களே போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். பாக்கியிருக்கும் தவணையை என் சம்பளத்தில் கட்டிவிடலாம். பள்ளிக்கூடத்தில் அட்வான்ஸ் கேட்டிருக்கிறேன், தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். சுபிக்ஷாவின் காலேஜுக்கும் யோசித்துத்தான் வைத்திருக்கிறேன். நீங்கள் வந்து உடனே வேலை தேட வேண்டாம். கொஞ்ச நாள் சும்மா இருங்கள். நீங்கள் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை.

அடுத்த ஞாயிறு போன் வரும்போது எதையும் விளக்க வேண்டாம். விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள், போதும். மீதி நிமிஷத்தை சுபிக்ஷாவுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

கொடுமுடி மகுடேஸ்வரரை வேண்டிக்கொண்டு திருநீறு மடித்து வைத்திருக்கிறேன். கால் இரண்டையும் கதகதப்பாக வைத்துக்கொள்ளுங்கள். முழுசாக வந்து சேருங்கள், மாமா.

உங்கள்,
மதுமதி