சம்பந்தியம்மா காலில் ஓட்டிய மீட்டர்

கும்மிடிப்பூண்டி
ஞாயிறு, ஆராதனை முடிந்து

அன்பு மகன் ஸ்டீவனுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் மருமகள் ஷீபாவும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகமாயிருக்க தினமும் முழங்கால் போடுகிறோம். அம்மாவுக்கு சுகர் பரவாயில்லை, பொன்னேரி டாக்டர் மாத்திரையைக் குறைத்துவிட்டார். போனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய், எனக்கும் நாக்கு எழும்பாது, அதனால்தான் இந்தக் காகிதம்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நம் வழக்கம், நான்தான் குறுக்கே விழுந்தேன். ஷீபாவின் ஊரான கன்னியாகுமரிக் கடலோர மண்ணில் இயற்கையாகவே கதிர்வீச்சு கூடுதல் என்று யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, என் பேரப்பிள்ளை அங்கே பிறக்கக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றேன், நீயும் என் பேச்சைத் தட்டாமல் மஸ்கட்டிலேயே பெற்றுக்கொள்ளட்டும் என்றாய். பெண்ணை அனுப்பச் சொல்லிக் கேட்கத்தான் போன மாதம் சம்பந்தியம்மா அத்தனை தூரம் ரயிலேறி வந்தார்கள். அன்று நடந்ததை அவர்கள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள், நான் சொல்கிறேன். எங்கள் கம்பெனி கேட்டில், உருக்க வருகிற பழைய இரும்பு லாரிகளில் கதிர் வீசும் சாமான் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற மீட்டரை, யாருக்கும் சொல்லாமல் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அவர்களை வாசலிலேயே நிறுத்தி, கருவாட்டுப் பை, முந்திரிக்கொத்து டப்பா, கடைசியில் குனிந்து அவர்கள் கால் செருப்பு வரைக்கும் லாரியைச் சோதிப்பது போல ஓட்டினேன். எதிர்வீட்டு யேசுதாஸ் குடும்பமே பார்த்தது. அந்த அம்மா காலைக்கூட நகர்த்தவில்லை, பாத்தாச்சா அண்ணே, இனி உள்ள வரலாமா என்று மட்டும் கேட்டார்கள். வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுச் சாயங்கால வண்டிக்கே போய்விட்டார்கள்.

உன் அம்மா என்னைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். இன்னாயா மனுசன் நீ, அதே மிஷின உன் ஊட்லயும் வெச்சுப் பாரேன் என்றாள். நாம் ஆசையாய்ப் போட்ட கிரானைட் சமையல் மேடையில் வைத்தால், அவர்கள் பையைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது! மறுநாள் பாதுகாப்பு அதிகாரி சந்திரமோகன் சாரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மெமோ கொடுத்தார், அது நியாயம். ஆனால் உட்காரவைத்துச் சொன்னார், மண்ணு, கல்லு, வானம், நம்ம உடம்பு எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்குதுபா, அந்த மாதிரி கடலோர ஜனங்கள வருசக்கணக்கா ஆராய்ச்சி பண்ணிக்கினுதான் கீறாங்க, அதனால நோவு கூடுதுன்னு தெளிவா எதுவும் கிடைக்கல, துளிகூட ஒண்ணுமில்லன்னு சத்தியம் பண்ணவும் முடியாது, அதுக்காவ பெத்தவ ஊட்டுக்குப் போகாம இருப்பாங்களா என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஷீபாவும் அந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவள்தானே, இது எனக்கு ஏன் உறைக்கவில்லை? வெட்கமாயிருக்கிறது ராஜா.

ஆண்டவர் உங்கள் மூவரையும் கண்மணி போலக் காக்கட்டும். ஏழாம் மாதம் முடிவதற்குள் ஷீபாவுக்கு டிக்கெட் போட்டுவிடு, மறக்காதே, அவள் தன் அம்மா வீட்டிலேயே பெறட்டும். இந்தக் காகிதத்தை அவளிடமும் படித்துக் காட்டு, ஒரு வரியும் விடாதே. வெள்ளிக்கிழமை நானும் அம்மாவும் நாகர்கோவில் ரயிலேறுகிறோம். சம்பந்தியம்மா வீட்டு வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று இந்தத் தடவை நான் கேட்க வேண்டும்.

தலை குனிந்து,
உன் அப்பா
ஜெயராஜ்