அறுபத்தேழு வயதில் முதல் நாள்

என்னங்க,

நீங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டேன். பள்ளிக்கூடச் சமையலறையில ஆறரைக்கே நிக்கணும். மிசோ சூப் அடுப்புல இருக்கு, மீனை மூடி வெச்சிருக்கேன். பத்து மணிக்கு கேஸ்காரர் வருவார், தூங்கிடாதீங்க.

"இந்த வயசுல வேலைக்குப் போனா ஊர் சிரிக்கும்"னு நேத்து கத்துனீங்களே. நேர்காணல்ல கேள்வி கேட்ட அம்மா, "நாலு மணி நேரம் நின்னுக்கிட்டே வேலை செய்ய முடியுமா?"ன்னு கேட்டாங்க. "வீட்டுல ரிட்டையர் ஆன புருஷன் இருக்கார், நான் எங்கங்க உக்காந்தேன்?"னேன். அவங்கதான் சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே வேலையும் கொடுத்துட்டாங்க.

மிட்சுயோ

பி.கு.: நேத்து மத்தியானம், வேலைப் பத்திரத்துல கையெழுத்துக்குப் பதிலா குத்த என் முத்திரைக் கட்டையைத் தேடினப்போ உங்க மேசை டிராயர்ல ஒரு விண்ணப்பம் கிடைச்சுது. ஸ்டேஷன் சைக்கிள் நிறுத்தத்துல வேலைக்கு, உங்க கையெழுத்துல, போட்டோ ஒட்டி! எத்தனை நாளா ஒளிச்சு வெச்சிருக்கீங்க? வயசுல ரெண்டைக் குறைச்சிருந்தீங்க, எழுபத்தொண்ணுன்னு திருத்திட்டேன். போன் பண்ணிக் கேட்டேன், எழுபத்தஞ்சு வரைக்கும் எடுக்கறாங்களாம். முதியோர் வேலைவாய்ப்பு அலுவலகம், மூணாம் ஜன்னல், இன்னைக்கு நாலு மணிக்குள்ள கொடுக்கணும். விண்ணப்பம் சாப்பாட்டு மேசை மேல இருக்கு.

இன்னொண்ணு: ஷேவ் பண்ணிட்டுப் போங்க. போட்டோவுல இருக்கிறது நீங்கதான்னு அவங்களுக்குத் தெரியணும்.