அம்மா யானையின் நைட் ஷிஃப்ட்

செவ்வாய், இரவு.

இன்று நடந்ததை எனக்குச் சாதகமாக மாற்றாமல் எழுதப்போகிறேன்.

படக்கதைப் புத்தகத்தில் எழுத்துகளின் மேல் மிஸ் தாள் ஒட்டியிருந்தார். படத்தைப் பார்த்து நாங்களே ஆங்கிலத்தில் கதை சொல்ல வேண்டும். நான் நேற்றே பக்கங்களை வெளிச்சத்தில் பிடித்துத் திருட்டுத்தனமாகப் படித்துவிட்டேன்.

இந்த வருடம் ஆங்கிலத்தில் வாயே திறக்காத மெர்சி, குட்டி யானை அழும் படத்தைப் பார்த்து இன்று எழுந்தாள். “எலிஃபண்ட் க்ரையிங். மதர் கம்பெனி கோயிங். நைட் ஷிஃப்ட்.”

“ஐயே, அதுக்குக் கால்ல முள்ளு குத்திகீதுடி!” என்றேன். வகுப்பே சிரித்தது.

“உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, நீயே சொல்லிக்கோ,” என்று உட்கார்ந்துவிட்டாள். மிச்சக் கதையை நான் பிழையில்லாமல் சொன்னேன். மிஸ் கைதட்டவில்லை.

மெர்சியின் அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு இரவு வேலைக்குப் போகிறவர். எனக்கு அது தெரியும்.

அம்மா யானை எப்போது வீட்டுக்கு வந்தது என்று நாளை மெர்சியிடம் கேட்டால் சொல்வாளா? வீட்டில் விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள்.